பெட்டி பார்த்த படலம்

சான்றுள்ளவற்றை மட்டுமே இங்கு எழுதுகிறேன். இந்நிகழ்ச்சிக்கு என் மனைவியின் உறவினரிடையே பல பாடங்கள் வழங்குகின்றன. ஒன்றில் நான் சுவர்க் கடிகாரத்தையும் கழற்றியதாக வருகிறது. கழற்றவில்லை. என் மனைவி ஒப்புக்கொண்டவை மட்டுமே கீழே உள்ளன.

1991. இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையொன்றைக் குன்றத்தூரில் தொடங்கியிருந்தேன். அதுவே என் வாழ்நாள் தொழிலாயிற்று. 'இதெல்லாம் ஒரு வேலையா?' என்று சில வீடுகளில் பெண் தர மறுத்திருந்த நிலையில், அத்தையுடன் சேரப்பணஞ்சேரிக்குப் பெண் பார்க்கச் சென்றேன். (இதுவும் போச்சுன்னா நீ தம்புராவத்தான் கட்டிக்கணும் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள் அத்தை.)

பெண் ஆர்மோனியம் வாசித்துப் பாடினாள். பஜனை மடத்தில் இரவல் வாங்கிய பெட்டி. இரண்டாம் அடியிலேயே என் காது கூசியது.

"கொஞ்சம் நிறுத்துங்க. காந்தாரம் எறங்குது."

கூடத்தில் பஜ்ஜி மெல்லும் ஓசையும் நின்றது.

"எறங்குறது எனக்கா, பொட்டிக்கா?" என்றாள் பெண்.

"பொட்டிக்குத்தாங்க."

அத்துடன் விட்டிருக்கலாம். சட்டைப்பையில் திருப்புளியும் சிற்றரமும் இருந்தன. (பொண்ணு பாக்கப் போறவன் சீப்புதான் எடுத்துனு போவான்!) சுருதி பிசகிய பெட்டியின்முன் கைகட்டி அமர்ந்திருக்கும் பயிற்சியை நான் பெற்றதில்லை. கட்டைகளைக் கழற்றிப் பாய்மேல் அடுக்கினேன். சுருதி ஏறவேண்டுமானால், ரீடின் பித்தளை நாக்கை நுனியில் மெல்லச் சுரண்டவேண்டும். சுரண்டினேன். போதவில்லை, மேலும் சுரண்டினேன். அப்போது அத்தை காதோடு கேட்டாள்:

"டேய், எப்பிடிடா கீது?"

"துருத்தி நல்லா இருக்கு அத்தை. ரீடுதான் ரொம்பப் பழசு."

காதோடு கேட்ட கேள்விக்குக் கூடமே கேட்க விடையளித்தேன். அக்கணமே நாக்கு முறிந்தது. (பொட்டியோட நாக்கு. என்னோடது முறிஞ்சிருக்கலாம்.)

பெண்ணின் தந்தை எழுந்துவிட்டார். "ஏம்பா, நீ பொண்ணு பாக்க வந்தியா, பொட்டி பாக்க வந்தியா? மடத்துக்காரனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

அத்தை, கொண்டுவந்த வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். அவ்வளவுதான் என்று நானும் திருப்புளியைப் பைக்குள் வைத்தேன்.

"யப்பா, பாக்கு மாத்தாமப் போனாலும் போவட்டும். ரீடு மாத்தாமப் போவக் கூடாது. நாளைக்கு வரச் சொல்லு" என்றாள் பெண்.

மறுநாள் புது ரீடுடன் சென்றேன். பாயிலிருந்த கட்டைகளை அவள் வரிசை பிசகாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். வேலை முடிந்ததும் துருத்தியை இழுத்தாள்.

"இனிமே எறங்குச்சின்னா அது நான்தான். சொல்லிடுங்க."

பாடினாள். இறங்கியது. நான் சொல்லவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் திருமணம்.

இன்றும் அவ்வீட்டார் எந்தப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வந்தாலும், "மாமா வராரு, பொட்டியத் தூக்கினு போய்ப் பக்கத்து வூட்ல வையி" என்று என்னைக் கண்டதும் ஒருவர் குரல் கொடுப்பார். ஆண்டுதோறும் திருமண நாளில் மனைவி கேட்பாள்: "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நான் இன்னா கலர் பொடவ கட்டினுருந்தேன்?"

பச்சை, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அறிந்தவள் அவள் ஒருத்தி, சொல்வதாக இல்லை. ஆகவே, அன்றைய புடவையின் நிறம் எனக்கு இன்றுவரை தெரியாது.