கே.கே. நகரின் நடைப்புயல்

படுக்கையை விட்டு எழாமல் இருக்க அழகுபாண்டியிடம் அன்று காலை நியாயமான காரணம் இருந்தது. அலுப்பு. முந்தின நாள்தான் நடைப்பயிற்சியைத் தொடங்கியிருந்தார். அதிலும் பாதி நேரம் பூங்கா பெஞ்சில் கழிந்தது.

"சர்க்கரை குறையலைன்னா ஊசிதான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி என்றாலே அவருக்குப் பயம். ஆனால் காலைத் தூக்கம் அதையும் சமாளித்துவிட்டது.

"முடியலைன்னா படுங்க, யாரு கேக்கப் போறா?" என்றாள் மனைவி ரோகிணி. தங்கமான பெண்.

எட்டு மணிக்குப் பால் வாங்கத் தெருமுனைக்குப் போனவர் அப்படியே நின்றார். டீக்கடைக்கு எதிரே ஆளுயர ஃபிளெக்ஸ். அதில் அவரே ஓடிக்கொண்டிருந்தார். தலை அவருடையது, உடம்பு யாரோ ஓட்டக்காரனுடையது. 'கே.கே. நகரின் நடைப்புயலே! சர்க்கரையைச் சாய்க்க வந்த சிங்கமே! வாழ்த்தும் மைத்துனர் முத்துக்குமரன்.'

காதுகுத்துக்கு வைப்பார்கள், கல்யாணத்துக்கு வைப்பார்கள். நடந்ததற்கு யாரும் வைத்து அவர் பார்த்ததில்லை. போனில் கத்தினார்.

"மாப்ள, என்னடா பண்ணி வச்சிருக்க? கழட்டுடா!"

"கழட்டுனா, ஒரே நாள்ல படுத்துட்டாருன்னு பேசுவாய்ங்க மச்சான்."

அதுவும் சரிதான். மானத்துக்காக மறுநாள் நடந்தார். பெஞ்சைப் பார்த்து ஒதுங்கினால், "புயலே, என்ன உக்காரப் போறீக?" என்று பூங்காவே பதறியது.

டீக்கடையில் பருப்பு வடை கேட்டார். கடைக்காரர் சுடலை ஃபிளெக்ஸையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, உங்களுக்கு வடை குடுத்தா ஊரே என்னைக் காறித் துப்பும்."

பாசிப்பயறு சுண்டல் வந்தது. டீயில் சீனி இல்லை.

சில நாள் பொறுத்தார். பிறகு, 'ஒத்தக்கடையில் மனை பார்க்கப் போறேன்' என்று முதல் நாளே ரோகிணியிடம் சொல்லிவைத்துவிட்டு, வடை தின்பதற்காகவே அந்த ஊர்க்கோடிக்குப் பஸ் ஏறினார். இறங்கிய இடத்தில் இன்னொரு ஃபிளெக்ஸில் அவரே அவரைப் பார்த்துக் கும்பிட்டார். 'ஒத்தக்கடைக்கு வருகை தரும் நடைப்புயலே, வருக!'

"அண்ணே, அம்புட்டுத் தூரமும் நடந்தா வந்தீக?" என்று ஒருவர் செல்ஃபி எடுத்துக்கொண்டார். கூட்டம் கூடிவிட்டது. அத்தனை பேர் முன்னால் திரும்பப் பஸ் ஏறக் கூச்சமாக இருந்தது. வீடுவரை நடந்தார்.

வந்து விழுந்தவரின் காலுக்கு ரோகிணி தைலம் தேய்த்தாள். பக்கத்தில் தட்டு நிறைய இனிப்பில்லாத கம்பு உருண்டை.

"என் தம்பிக்கு அறிவே இல்லங்க. நாளைக்குப் போகாதீங்க."

"போகலைன்னா தெருவுல தலைகாட்ட முடியுமா?"

"அதுவும் சரிதான்" என்றாள் வருத்தமாக.

மாதக் கடைசியில் டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஊசி வேண்டாம் என்றார். அழகுபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. ஊசி இல்லையென்றால் நடையும் இல்லை, சுண்டலும் இல்லை. ஆனால் ஊருக்கு முறைப்படி சொல்லியாக வேண்டும். நேராக ஃபிளெக்ஸ் கடைக்குப் போனார்.

கம்ப்யூட்டரில் இருந்த பெண் பவதாரிணி அடையாளம் கண்டு எழுந்து நின்றாள்.

"ஒரு ஃபிளெக்ஸ் அடிக்கணும்மா. 'நடைப்புயல் ஓய்வு பெறுகிறார். ஆதரவு தந்த அனைவருக்கும் நன்றி.' எழுத்து நல்லா பெருசா இருக்கட்டும்."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"அது முடியாதுண்ணே."

"ஏன், காசு குடுக்க மாட்டேன்னா சொன்னேன்?"

"அதுக்கில்லண்ணே. நீங்க இப்பிடி வந்து நிப்பீங்கன்னு முதல் ஃபிளெக்ஸ் ஆர்டர் குடுக்கும்போதே ரோகிணி அக்கா சொல்லிட்டாங்க. வந்து ஓய்வுன்னு கேட்டா, 'அடுத்து மாரத்தான்'னு அடிச்சு மாட்டிறச் சொல்லியிருக்காங்க."