சுவரைத் தாங்கிய அமதேயு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் பல்செட் சூப்புக்குள் விழட்டும். டொரொண்டோவில், எங்கள் தெருவில்தான் நடந்தது.

அமதேயு வீட்டு நிலவறையின் கூரை ரொம்பத் தாழ்வு. அங்கே வைத்திருந்த திராட்சை ரசப் பீப்பாய்களை அவன் பார்க்கப் போகும்போதெல்லாம் உத்தரம் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துத்தான் அனுப்பும். தரையை மூன்றடி தோண்டி இறக்கிவிடலாம் என்று மனைவி கிராசாவே ஒருநாள் சொன்னாள். "உன் பீப்பாய்க்கு ஒரு அரண்மனை வேணாமா, மனுஷா?"

இருபத்தாறு வருட இல்லறத்தில் அவள் பீப்பாய்க்காகக் கவலைப்பட்டது அதுவே முதல் தடவை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. சந்தேகம் வால்டெமார் வந்தபிறகுதான் வந்தது. அதுவும் தப்பான இடத்தில்.

வால்டெமார் அவர்களுடைய சொந்த ஊரான போர்ச்சுகீசிய அசோரஸ் தீவிலிருந்து புதிதாக வந்திறங்கிய மேஸ்திரி. கதவு அகலத்துக்குத் தோள். தெருவே 'தோனா கிராசா' என்று மரியாதையாகக் கூப்பிட, இவன் வெறும் 'கிராசா' என்றான். அவளும் கோபித்துக்கொள்ளாமல் இனிப்பு ரொட்டி வெட்டிக் கொடுத்தாள். அமதேயுவுக்கு ஈஸ்டருக்கு மட்டும் கிடைக்கிற ரொட்டி.

ரொட்டியைவிட அதிகமாக அவனை எரித்தது வால்டெமார் வேலை செய்த விதம். தரையை இறக்கினால் பழைய சுவருக்கு அடியில் புது அஸ்திவாரம் கொடுக்க வேண்டும். சாக்கட்டியால் சுவர் நெடுக ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினான். 'ஒன்று' எழுதிய இடங்களில் மட்டும் சுவருக்கடியில் குழி தோண்டி, கான்கிரீட் ஊற்றி, அது இறுகும்வரை நாள்கணக்காகக் காத்திருந்தான். காத்திருந்தது எங்கே? கிராசாவின் சமையலறையில்.

பக்கத்துக் குழியையும் சேர்த்தே தோண்டித் தொலைத்தால் என்ன என்று அமதேயு கேட்டான்.

"அடுத்தடுத்துத் தோண்டினா சுவர் எதுமேல நிக்கும் அண்ணே? உங்க கோபத்து மேலயா?"

கிராசா விழுந்து விழுந்து சிரித்தாள். அமதேயு கல்யாணமான நாளிலிருந்து சொன்ன அத்தனை வேடிக்கைக்கும் சேர்த்து அவ்வளவு சிரிப்பு வந்ததில்லை. போதாததற்கு, "அவன் கையைப் பாரு, மனுஷா. இரும்பு. நீ ஒரு கூடை மண்ணு தூக்கினா மூணு நாள் தைலம் தேய்க்கணும்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிராசா தேவாலயத்துப் பூசைக்குப் போனாள். வால்டெமாரின் வண்டியில். அமதேயுவுக்கு முழங்கால் வலியாம், வீட்டிலேயே இருக்கட்டுமாம்.

அமதேயு முடிவெடுத்தான். குழி தீர்ந்தால் வேலை தீரும்; வேலை தீர்ந்தால் ரொட்டியும் தீரும். 'இரண்டு' எழுதிய குழிகள் திறந்து கிடந்தன. அவற்றை ஒட்டிய 'மூன்றில்' மண்வெட்டியோடு இறங்கினான். பொறாமை இருக்கிறதே, அதற்கு இயந்திரத்தின் வேகம். இடுப்பளவு போய்விட்டான்.

மேலே ஏதோ 'டிக்' என்றது. சுவரில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல்.

மண்வெட்டியை எறிந்துவிட்டு முதுகைச் சுவருக்குக் கொடுத்தான் அமதேயு. இரண்டு மாடி, புகைபோக்கி, மாமியார் சீதனமாகத் தந்த பீரோ, அத்தனையும் தன் முதுகெலும்பில் நிற்பதாகவே நம்பினான். மூக்கு அரித்தது. சொறியவில்லை, கையை எடுத்தால் சமையலறை இறங்கிவிடும். பூசை முடியும்வரை அப்படியே நின்றான்.

வால்டெமார் வந்து பார்த்தான். இரண்டு இரும்பு முட்டுகளைக் கொடுத்துத் திருகி இறுக்கினான். இப்போது விடலாம் என்றான். அமதேயு விடமாட்டேன் என்றான்.

"அண்ணே, நீங்க சுவரைத் தாங்கல. சுவர்தான் உங்களைத் தாங்கிட்டு நிக்குது."

கிராசா விரிசலைப் பார்க்கவே இல்லை. குழியைத்தான் பார்த்தாள். "எவ்வளவு நேரா வெட்டியிருக்க, மனுஷா. இவனால இப்படி முடியுமா?"

இவனால முடியுமா! மறுநாள் காலை காப்பிக்கு முன்னாலேயே அமதேயு குழிக்குள் இருந்தான். மிச்சக் குழிகளும் அவனே, நடுத்தரை முழுவதும் அவனே. மண் சுமந்ததும் அவனே. வால்டெமார் எண்களைக் காட்டினான், கான்கிரீட் ஊற்றினான், ரொட்டி தின்றான். ஐந்து வாரம். ஒருநாள் கிராசா அமதேயுவின் கையைத் தொட்டு "இரும்பு" என்றாள். அன்று அவனுக்கு முழங்கால் வலிகூட மறந்துபோயிற்று.

வெள்ளையடித்து முடிந்ததும் நிலவறைக்குள் பீப்பாய் இறங்கவில்லை. கட்டில் இறங்கியது.

"என் பீப்பாய் எங்கடி?"

"கார் கொட்டகைல. வெள்ளிக்கிழமை அம்மா வராங்க. இனி இங்கதான்."

"அப்ப அந்த வால்டெமார்?"

"அம்மா ஞானஸ்நானத்துக்குத் தூக்கின ஞானமகன். நான் இடுப்புல தூக்கி வளர்த்த பய. பேச்சு வந்த நாள்லேர்ந்து பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். மண்ணு வெட்ட ஆளே கிடைக்கலன்னான். வீட்லயே ஒருத்தர் இருக்காரு, கொஞ்சம் சூடேத்தணும்னேன்."

வெள்ளிக்கிழமை மாமியார் இறங்கி வந்தாள். கைத்தடியை உயர்த்திக் கூரையைத் தட்டிப் பார்த்தாள்.

"ஏன் மாப்பிள்ளை, இவ்வளவுதான் தோண்ட முடிஞ்சுதா?"

இதைச் சொன்னது நான் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அமதேயுவுக்கு இப்போது தோண்டவும் தெரியும்.