பரமலிங்கம் ஒட்டிய சிவப்புச் சீட்டு

குசினியில் இருக்கிற காஸ் அடுப்பை ஒரு கிழமைக்குள் ஒழித்துக்கட்டுவது என்று மண்கும்பான் பரமலிங்கம் முடிவெடுத்தது எண்பத்தைந்தாம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை, வாய் நிறைய மீன்குழம்புச் சோற்றோடு. அந்த வாய்ச் சோற்றை விழுங்கி முடிக்க முன்னமே தீர்மானம் நிறைவேறிவிட்டது.

அடுப்பு செய்த குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. ஜேர்மனியில் இருக்கிற மைத்துனன் தன் அக்காவுக்கென்று வாங்கிக் கொடுத்தது. இருபது வருடம் பனைமட்டைப் புகைக்குள் கண்ணைக் கசக்கிய அவர் பெண்சாதி இராசமணி, இப்போது எட்டு மணிக்கே சமையலை முடித்துவிட்டுப் பேப்பர் வாசிக்கிறாள். அவளுக்கு அது மோட்சம். அவருக்கோ நாக்குச் செத்துப்போயிற்று. பனைமட்டை எரித்து மண்சட்டியில் கொதிக்கவைத்த குழம்பு எங்கே, இந்தக் கழுவின தண்ணீர் எங்கே! சொல்லிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். எடுபடவில்லை.

அப்போதுதான் கடவுள் கண் திறந்தார். பரமலிங்கம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். கடையில் காஸ் சிலிண்டர் விற்கப் போகிறார்கள் என்று, பட்டணத்து ஏஜென்சிக்காரர் அவரை அழைத்து ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். காலையில் மனேச்சராகப் போனவர் மாலை பஸ்ஸில் காஸ் பரிசோதகராகத் திரும்பி வந்தார். பையில் ஒரு கைநூலும் மூன்று நிறச் சீட்டுகளும் இருந்தன. பச்சை என்றால் நல்லது. மஞ்சள் என்றால் திருத்த வேண்டும். சிவப்பு என்றால் உயிராபத்து. உடனே பூட்டி, மூன்று நாளுக்குள் பட்டணத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அங்கிருந்து ஆள் வந்து பார்க்கும்வரை ஒருவரும் அதைப் பற்றவைக்கக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஏதோ சொன்னார்கள். அந்நேரம் பரிசோதகர் நல்ல நித்திரை.

அடுத்த நாள் காலை சவுக்கார நுரையோடு குசினிக்குள் நுழைந்தார்.

"இஞ்சரும், தள்ளி நில்லும். பரிசோதனை நடக்குது."

"என்னத்துக்கப்பா நுரை?"

"காஸ் ஒழுகினா குமிழி வரும்."

"ஒண்டும் வரேல்லையே?"

"அதுதான் பயமாக்கிடக்கு. வாற குமிழியை நம்பலாம். வராத குமிழியை எப்பிடி நம்புறது?"

"ரியூப் மாத்தி ஆறு மாசந்தானே?"

"ஆறு மாசம் எங்கட கடற்காத்தில ஆறு வருசம்!"

கைநூல்படி அது பச்சை. மனச்சாட்சியின் கழுத்தை நெரித்தால் மஞ்சள். பரமலிங்கமோ நாக்கின் சொற்படி சிவப்பை ஒட்டினார்.

இராசமணி ஒரு சொல்லும் பேசவில்லை. மூலையில் கிடந்த விறகடுப்பைத் தட்டிக் கூட்டினாள், பனைமட்டையை முறித்து வைத்தாள், ஊதினாள், இருமினாள். மத்தியானம் பாரைமீன் குழம்பு மணந்தது. பரமலிங்கம் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார், சட்டியையும் வழித்தார். உலகத்தையே வென்றுவிட்ட சந்தோசம் அவருக்கு. பெண்சாதி வாய் திறக்காத வீட்டில் புருஷன் கவனமாக இருக்க வேண்டும். அவர் வாய் சாப்பாட்டில் இருந்ததால் மூளைக்கு அது எட்டவில்லை.

அறிக்கை அனுப்பும் எண்ணம் அவருக்கு அறவே இல்லை. அறிக்கை போனால்தானே ஆள் வரும்? ஆள் வராவிட்டால் சிவப்பு என்றென்றும் சிவப்பு. ஆனால் மூன்றாம் நாள் இராசமணி கைநூலோடு வந்து நின்றாள்.

"இண்டைக்கு அனுப்பாட்டி உங்கட பரிசோதகர் வேலை போயிடுமாம். பக்கம் ஒன்பது."

"நீர் ஏன் இதை வாசிச்சனீர்?"

"ஈர மட்டை பத்தி எரியுமட்டும் சும்மா இருக்கேலுமே?"

வேறு வழியில்லை. படிவத்தை விரித்து, வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரை அழகாக எழுதினார்.

"அது ஆர் உரிமையாளர்?"

"வேற ஆர், நான்தான்!"

"காணி உறுதியை எடுத்துக்கொண்டு வரட்டே?"

வீடு இராசமணியின் சீதனம். வளவு, கிணறு, பதினெட்டுப் பனை எல்லாம் அவள் பேரில். அவர் கலியாணத்துக்கு வந்தபோது கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி. பெயரை வெட்டி, "இராசமணி" என்று எழுதினார்.

"இப்ப கையெழுத்து வையும்."

"வைக்கிறன். ஆனா குசினியில எரியிற எல்லா நெருப்பையும் எழுத வேணுமாம். விறகடுப்பையும் எழுதுங்கோ. புகைபோக்கி இல்லை. மேலை கிடுகுக் கூரை, பக்கத்தில மட்டைக் குவியல். என்ன நிறம்?"

பரமலிங்கம் ஒரு கணம்தான் யோசித்தார். காஸ்காரனுக்கு விறகடுப்பில் என்ன வேலை? கடதாசியில் சிவப்பென்று கிடந்தால் குழம்பு கொதிக்காமல் விட்டுவிடுமா? அவள் கையெழுத்தும் கிடைத்துவிடும், தன் கண்டிப்பும் பட்டணத்துக்குத் தெரியும். விறகடுப்பும் சிவப்பு என்று எழுதி, சீட்டும் ஒட்டினார்.

"சரி, திங்கட்கிழமை தபாலில போடுறன்."

"உங்களுக்கேன் கரைச்சல்? யாகப்பு அண்ணை பட்டணம் போறார்."

மீன்கார யாகப்புவின் சைக்கிள் ஏற்கனவே படலையடியில் நின்றது.

அடுத்த நாளே ஏஜென்சியிலிருந்து பாலசிங்கம் என்ற தொழில்நுட்பக்காரன் வந்துவிட்டான். நுரை பூசினான், ரியூபை வளைத்துப் பார்த்தான்.

"நல்ல அடுப்பு. ஆர் இதுக்குச் சிவப்பு ஒட்டினது?"

"கடற்காத்து..." என்று இழுத்தார் பரமலிங்கம்.

அவன் பச்சையை ஒட்டிவிட்டு மூலைக்குத் திரும்பினான். "ஆனா இதுக்கு ஒட்டினது நூற்றுக்கு நூறு சரி, ஐயா. காஸும் திறந்த நெருப்பும் ஒரே குசினிக்குள்ள இருக்கக் கூடாது. பக்கம் பதினேழு. ஒண்டை எடுக்க வேணும்."

பரமலிங்கத்துக்கு உயிர் வந்தது. "அப்ப காஸை எடும் தம்பி! இண்டைக்கே எடும்!"

"அதை உரிமையாளர் சொல்ல வேணும்." அவன் படிவத்தைப் பார்த்தான். "இராசமணி ஆர்?"

"நான்தான் தம்பி," என்றாள் இராசமணி. "விறகடுப்பை எடுக்கட்டும்."

"முத்தத்திலையாவது ஒண்டு..." பரமலிங்கம் வெளியே முற்றத்தைக் காட்டினார்.

"தாராளமாக் கட்டுங்கோ. ஊதுறதும் சமைக்கிறதும் நீங்கள்."

பாலசிங்கம் பேனையை மூடவில்லை. இடித்ததைக் கண்ணால் கண்டால்தான் கோப்பு முடியுமாம். இடிக்கிற அலவாங்கு பரமலிங்கத்தின் கைக்கு வந்தது. இராசமணி தம்பிக்குத் தேத்தண்ணி வைக்கக் காஸைப் பற்றவைத்தாள். பாவம் மனுசன், கண்ணை மூடிக்கொண்டு முதல் குத்துக் குத்தினார். அடுப்பின் ஒரு பக்கம் பொலபொலவென்று சரிந்தது.

"மெல்ல இடியுங்கோப்பா," என்றாள் இராசமணி. "காஸுக்கு மேலை தூசி பறக்குது."