சப்பு மரமும் சங்கிலி மிஷினும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் பூனாகலை இராக்கம்மா. போன தைப்பூசத்துக்கு முதல் நாள், பதுளையில் கோயில் மடப்பள்ளியில் உட்கார்ந்து அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தோம். சாமிக்கு அத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு அப்படிச் சிரித்ததற்கு முருகன்தான் என்னை மன்னிக்க வேண்டும். அன்றைக்கு நான் வெட்டிய துண்டு ஒன்றுகூட ஒழுங்கான அளவில் இல்லை.

கதை, இராக்கம்மாவின் பக்கத்து வீட்டு இராமையாவைப் பற்றியது. தேயிலை பேக்டரியில் என்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் எல்லாம் கொழும்பில். வீட்டில் அவரும் பெண்சாதி நல்லம்மாவும்தான். தங்கமான மனுஷன். ஆனால் ஓடுகிற எதைக் கண்டாலும் தனக்குத் தெரியும் என்பார். ஓடாவிட்டால், ஓடவைக்கத் தெரியும் என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீவியில் கிரிக்கெட் மேச். கடைசி ஓவர், கடைசிப் பந்து. பந்து போடுகிறவன் ஓடி வந்தான். கையைத் தூக்கினான். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. படம் உறைந்துவிட்டது. மேல் லயத்து வரிசை வீடுகளில் ஆளாளுக்குக் கத்துகிறார்கள். ஜெயித்துக் கத்துகிறார்களா, தோற்றுக் கத்துகிறார்களா என்றுகூட இராமையாவுக்கு விளங்கவில்லை.

வெளியே பாய்ந்தார். கூரையோரத்தில் இருந்த டிஷ்ஷுக்கு முன்னால் சப்பு மரம் ஒரு கொப்பை நீட்டி, போய்வா என்று கை காட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டிருந்தது.

"இன்னையோட முடிவு! இந்த வளவுல ஒண்ணு இந்த மரம் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த நல்லம்மா நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இரண்டில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று யோசிப்பதுபோல் இருந்தது.

"டிஷ்ஷைக் கொஞ்சம் தள்ளி வச்சா என்னாங்க?"

"அதை வச்சது யாரு? நானு! நான் வச்சது வச்ச இடத்துலதான் இருக்கும்."

"மரத்தை வச்சது யாருங்க?"

"யாரு?"

"சாமி."

"அப்ப சாமிய வந்து தள்ளி வைக்கச் சொல்லு!"

சப்பு என்று நாம் சொல்வது, கோயில் பூக்காரர் செண்பகம் என்று சொல்லும் அதே மரம்தான். நல்லம்மா காலையில் சாமிக்கு வைக்கும் பூ அதில்தான் பூக்கிறது. பூவை விடுங்கள். அந்த மரம் நிற்பது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டின் ஓரத்தில். பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடிய நாளில் இருந்து, மழை பலத்தால் நல்லம்மாவுக்குத் தூக்கம் இல்லை. இந்த வேர் மேட்டைப் பிடித்திருக்கிறது என்ற ஒரு தைரியத்தில்தான் விபூதி பூசிக்கொண்டு கண்ணை மூடுவாள். இதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள். "வேர் கிடக்கத்தானே போவுது, மேல உள்ளதைத்தானே வெட்டுறேன்" என்பார் இவர். வெட்டிப்போட்ட மரத்தின் வேர் எத்தனை மழைக்கு மண்ணைப் பிடிக்கும் என்று கேட்டால், டீவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

அன்று மாலை நல்லம்மா மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாள்.

"அம்புட்டுப் பெரிய மரத்தை எதாலங்க வெட்டுவீங்க? தம்பி வீரய்யாகிட்ட மிஷின் இருக்கு. கேட்டா தருவான்."

"உன் தம்பிகிட்ட இரவல் வாங்குறதுக்கு நான் பல்லாலயே கடிச்சுச் சாய்ப்பேன்!"

அவருக்கும் மச்சான் வீரய்யாவுக்கும் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. இராமையா பிரித்தும் பூட்டியும் நாள்கணக்காக உருட்டிக்கொண்டிருந்த தண்ணீர்ப் பம்பை, வீரய்யா ஒரு நாள் வந்து ஒரு தட்டுத் தட்டினான். அது ஓடிவிட்டது. அவ்வளவுதான் சண்டை.

"அப்ப சொந்தமாவே ஒண்ணு வாங்கிடுவோங்க" என்றாள் நல்லம்மா. "நாளைக்கே பதுளைக்குப் போவோம். நானும் வாறேன்."

இத்தனை சீக்கிரம் பெண்சாதி சம்மதித்தால் கல்யாணமான எந்த ஆம்பிளையும் கொஞ்சம் பயப்பட வேண்டும். இராமையா பயப்படவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

பதுளையில் லிங்கம் முதலாளியின் கடை. அவர் இரண்டு செயின்சோவைத் தூக்கி மேசையில் வைத்தார்.

"இது பெரிசு ஐயா. எந்த மரத்தையும் சாய்ச்சிடும். மத்தது சின்னது. கொப்பு வெட்ட, விறகு அறுக்க நல்லது. உங்க மரம் எவ்வளவு பருமன்?"

இராமையா பெரியதை ஆசையோடு தூக்கினார். வாயைத் திறக்கும் முன் நல்லம்மா முந்திக்கொண்டாள்.

"இதையே எடுப்போங்க! என்னா அம்சம்! வீரய்யா வச்சிருக்கறதும் அச்சா இதேதான்."

இராமையாவின் கை சுட்டதுபோல் விலகியது.

"இதேயா?"

"நிறங்கூட இதேதாங்க. எப்புடிப் பிடிக்கிறதுன்னு அவனே வந்து காட்டித் தருவான். பக்கத்துல நின்னு பாத்துக்கங்க."

"முதலாளி, சின்னதைக் கட்டுங்க."

"ஐயா, மரத்தோட பருமனைச் சொன்னீங்கன்னா..."

"முப்பது வருஷம் என்ஜினோட குடும்பம் நடத்துனவன் நான். சின்னதுலதான் முதலாளி வேகம் கூட. பெரிசு வெறும் சத்தம்."

"ஐயோ, பெரிசே வாங்குங்களேங்க" என்று நல்லம்மா கெஞ்சினாள். கண்ணில் தண்ணீர்கூட வந்ததாம்.

அந்தத் தண்ணீரைக் கண்டதும் இராமையாவுக்கு இன்னும் உறுதி கூடியது. சின்னதுதான் கட்டப்பட்டது.

லிங்கம் முதலாளி ஒரு எண்ணெய்ப் போத்தலையும் எடுத்து வைத்தார். "இதுக்கு வெறும் பெற்றோல் ஊத்தக் கூடாது ஐயா. ஒரு லீற்றருக்கு இந்த எண்ணெய் இருபது மில்லி கலக்கணும். கூடினாப் புகையும். குறைஞ்சா உள்ளுக்குள்ள இறுகிப் போயிரும். கலந்ததை ரொம்ப நாள் வைக்காதீங்க, கெட்டுப்போகும்."

"தெரியும், தெரியும்" என்றார் இராமையா, வாசலைப் பார்த்தபடி. நல்லம்மாவின் உதடு மட்டும் அசைந்தது, தேவாரம் மனப்பாடம் பண்ணுகிறவள்போல.

மறுநாள் வாசலில் மிஷினுக்கு விபூதி, சந்தனம், குங்குமம். இராமையா பெற்றோல் கானைத் திறந்தார்.

"இருபது மில்லியாம், இருபது மில்லி! கடைக்காரன் கை அப்படித்தான் இறுகும். இரும்புக்கு எண்ணெய்தான் புள்ள தாய்ப்பால். பிள்ளைக்குப் பாலை அளந்தா குடுப்பாங்க?"

அளக்கவில்லை. போத்தலில் பாதியைக் கவிழ்த்தார். கயிற்றை இழுத்தார். இழுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தார். மிஷின் ஒரு இருமு இருமியது. அப்புறம் வந்தது பாருங்கள் புகை! வெள்ளையாக, வேலி தாண்டி, இராக்கம்மாவின் அடுப்படிக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே போனது.

இராக்கம்மா கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து விட்டு, பாயும் தலையணையுமாக ஓடி வந்தாள்.

"டெங்குக்கு மருந்தடிக்க வந்திட்டாங்களா? அண்ணே, நீங்களா அடிக்கிறீங்க? நல்லதாப் போச்சு. எங்க கட்டிலுக்குக் கீழயும் ஒரு அடி அடிச்சிட்டுப் போங்க, ராவெல்லாம் கடி தாங்க முடியல!"

"இது மருந்து இல்ல இராக்கம்மா, மிஷின்!"

"மிஷின்தான் அண்ணே, தெரியுது. கோழிக்கூட்டுக்குள்ளயும் காட்டுங்க."

மேல் லயத்தில் இருந்து இரண்டு பேர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். மிஷின் இன்னொரு இருமு இருமிவிட்டு அடங்கியது. அதற்குப் பிறகு எத்தனை இழுத்தாலும் அசையவில்லை.

அன்றைக்கு இராமையா மத்தியானச் சோற்றைக் குனிந்தபடியே சாப்பிட்டார். அவர் படுத்ததும், நல்லம்மா மிஷினில் இருந்த கலவையை வடித்தாள். முன்னம் இவருக்கு இருமல் வந்தபோது வாங்கிய பாணி மருந்தின் சின்னக் கோப்பையால் எண்ணெயை அளந்து, புதிதாகப் பெற்றோலில் கலந்து வைத்தாள். அவர் எழும்பியதும், புகையில் கறுத்துப்போயிருந்த பிளக்கையும் கழற்றச் சொல்லி, சாம்பல் போட்டுச் சட்டி துலக்குகிற மாதிரி துடைத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் முதல் இழுப்பிலேயே மிஷின் பாடியது.

"பாத்தியா புள்ள? காலையில ஊத்துன எண்ணெய் இப்பதான் உள்ள பிடிச்சிருக்கு!"

"ஆமாங்க, உங்க கைராசி" என்றாள் நல்லம்மா. "ஆனா எடுத்த எடுப்புல பெரிய மரத்துல கை வைக்காதீங்க. கொஞ்சம் பழகிக்கங்க. இந்தா, தோட்டத்துல விறகுக்குக் குடுத்த டர்பன்டைன் மரத்துக் கட்டைங்க கிடக்கே."

அந்தக் கட்டைகள் மாசக்கணக்கில் வாசலில் கிடந்து காளான் பூத்திருந்தன. இராமையா ஒன்றை அறுத்தார். வெண்ணெயை வெட்டுவதுபோல் இருந்தது. இன்னொன்று. இன்னொன்று. விட மனம் வரவில்லை.

"கானில இன்னும் கலவை மிச்சம் இருக்குங்க. வச்சாக் கெட்டுப்போகும்னு முதலாளி சொன்னாரே" என்று மறுநாளும் நினைவூட்டினாள். அதற்கு மறுநாளும். கட்டை இருந்தால் கலவை தீர்ந்தது, கலவை இருந்தால் கட்டை தீர்ந்தது. அந்தக் கிழமை முழுவதும் பூனாகலையில் வேறு சத்தமே கேட்கவில்லை. அடுப்படிச் சுவரோரம் விறகு கூரை வரைக்கும் ஏறியது.

சனிக்கிழமை காலையில் கட்டை தீர்ந்தது. இராமையா மிஷினைத் தோளில் வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். நல்லம்மா தடுக்கவில்லை. வேலியோரம் இராக்கம்மாவும் வந்து நின்றாள்.

என்ஜின்காரர் அல்லவா, முதலில் அளவு பார்த்தார். சங்கிலி ஓடும் தகட்டை மரத்தின் ஒரு பக்கம் வைத்து, நுனி எட்டும் இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். மறுபக்கம் போய் அதேமாதிரி இன்னொரு கோடு. பிறகு இரண்டு கோட்டையும் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். எந்தப் பக்கத்தில் இருந்து வெட்டினாலும் மரத்தின் நடுவில் ஒரு சாண் மிஞ்சியது.

"எட்டலையே!"

இராக்கம்மாவுக்கு அடக்க முடியவில்லை. "எப்புடி அண்ணே எட்டும்? நீங்க கடைக்குப் போன அன்னைக்கு விடியக்காலையில நானும் நல்லம்மாவும் ரெண்டு பக்கமும் நின்னு மரத்தைக் கட்டிப்பிடிச்சுப் பாத்தோம். நீட்டி நீட்டிப் பிடிச்சும் விரல் நுனிதான் தொட்டுச்சு!"

இராமையா மெதுவாகத் திரும்பி நல்லம்மாவைப் பார்த்தார். அவள் உதிர்ந்த பூவைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒரு சாணைச் சாமி நமக்கு விட்டதுன்னு வச்சுக்கங்க" என்றாள். "நம்ம வீட்டைப் பிடிச்சிட்டு நிக்கிறது அதுதாங்க."

"நாளைக்கே போயி பெரிசா மாத்திட்டு வாறேன்!"

"போங்க. தம்பி வச்சிருக்கறதுதான் வேணும்னு கேளுங்க, முதலாளி எடுத்துத் தருவாரு."

இராமையா மிஷினை மரத்தடியில் இறக்கி வைத்தார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் இருந்து கைதட்டுகிற சத்தம் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தார். நல்லம்மா போட்டு வைத்திருந்த டீவியில் மேச். படம் தண்ணீர்போல் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. மரத்துக் கொப்பு வெளியே ஆடுகிறது, படம் அசையவில்லை. ஓடி வந்து கூரையைப் பார்த்தார். டிஷ் மறு கோடிக்குப் போயிருந்தது.

"இதை யாரு தள்ளி வச்சது?"

"நாங்கதாங்க. நான் டிஷ்கிட்ட, இராக்கம்மா டீவிகிட்ட. நேத்து வருது வருதுன்னு அவ போட்ட சத்தம் உங்க மிஷின் சத்தத்துல கேக்கல."

"தள்ளி வச்சாலே படம் வரும்னா, மிஷினை எதுக்குடி வாங்க விட்டே?"

"விறகுக்குத்தாங்க."

நீங்கள் பூனாகலைப் பக்கம் போனால், இராமையா கட்டாயம் மிஷினை எடுத்து வந்து காட்டுவார். அவர் மனம் நோகாமல், நல்ல மிஷின் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.