ஒருமனதாகத் தெரிவித்த பொதுமக்கள்

தலைமை அலுவலகத்தில், கொள்கைப் பிரிவில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுக்கிற என் மூத்த மகன் வயிற்றுப் பேத்திக்கு, ஐந்தாம் வகுப்பில் கையெழுத்துக்கு முதல் பரிசு வாங்கிய உன் பாட்டி ஆயிரம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே வீடும் மாடிப்படியும் சுகம், நான் மட்டும் சுகமில்லை. அங்கே உன் இருமல் எப்படி இருக்கிறது? வெந்நீர் குடி. இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துவிடு. கிழித்ததை எல்லாம் ஒரே குப்பைக்கூடையில் போடாதே.

போன மாதம் நீ போன் பண்ணினாயே, அதில் ஆரம்பித்தது எல்லாம். "பாட்டி, நகரப் பேருந்துக் கொள்கைக்கு வரைவு போட்டு, முப்பது நாளுக்குள்ள ஜனங்க கருத்துச் சொல்லலாம்னு அறிவிச்சோம். இருபது நாள் ஆச்சு, ஒரு ஈ காக்கா எழுதலை. மேலதிகாரி என்னைப் பாத்தாலே முறைக்கிறாரு. நீங்களாவது நாலு வரி எழுதிப் போடுங்க" என்றாய். கொள்கை என்றால் என்னடி என்று கேட்டேன். "யாராவது ஒருத்தர் வரைவு எழுதுவாங்க, அப்புறம் ஜனங்ககிட்ட கேப்போம், கேட்டதைச் சேத்து மேலே அனுப்புவோம், மேலே கையெழுத்துப் போட்டா அதுதான் கொள்கை" என்றாய். ஜனங்க ஒண்ணுமே சொல்லலைன்னா என்றேன். "அப்ப மேலே அனுப்ப முடியாது பாட்டி, அதான் தலைவலி" என்றாய். பேத்திக்குத் தலைவலி என்றால் பாட்டி சும்மா இருப்பாளா? அன்றைக்கென்று பார்த்து, ஏழாம் நம்பர் பஸ் டிரைவர் என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கிளப்பிவிட்டான். பை மட்டும் ஏறிக்கொண்டது, நான் ஏறவில்லை. எழுபத்தொரு வயதில் என் பைக்குப் பின்னால் நானே ஒரு ஸ்டாப் தூரம் ஓடினேன். அந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள் பேனாவை எடுத்தேன், அதுதான் தப்பு. "ஏழாம் நம்பர் பேருந்து வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்" என்று எழுதிப் போட்டேன். கோபத்தில் நாலு பேர் பேசுகிற பேச்சுத்தானே இது? "நீ சாப்பிட்டா என்ன, சாப்பிடாட்டி என்ன" என்று உன் அப்பனை நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அதற்காக அவனைப் பட்டினி போட்டேனா? அவன் உடம்பைப் பார்த்தாலே தெரியுமே.

நேற்று, திங்கட்கிழமை, பஸ் ஸ்டாப்பில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். என் கீழ்வீட்டுத் தையல்காரியை உனக்குத் தெரியும். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறாள். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது ஏழாம் நம்பர் ஒன்றுதான். மற்றதில் போனால் பெரிய ரோட்டில் இறங்கி, நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். மெஷினில் இருந்து எழுந்து வருகிறவளுக்கு நிற்கவே தெம்பிருக்காது, பாலம் எங்கே ஏறுவது? அவள்தான், "கண்ணு மங்கலா இருக்கு, நோட்டீஸைக் கொஞ்சம் படிங்கக்கா" என்றாள். படிக்கச் சொன்னால் நான் விடுவேனா? தெருவுக்கே கேட்கிற மாதிரி, நிறுத்தி நிதானமாகப் படித்தேன். "ஏழாம் எண் பேருந்து இயங்குவதும் இயங்காததும் தங்களுக்கு ஒன்றே எனப் பொதுமக்கள் ஒருமனதாகத் தெரிவித்துள்ளதால், மேற்படி வழித்தடத்தை நீக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபம் உள்ளவர்கள் வியாழன் காலை பத்து மணிக்கு வார்டு அலுவலகக் கூட்டத்தில் தெரிவிக்கலாம்." பொதுமக்கள் என்கிற இடத்துக்கு வருவதற்குள் அது என் வரி என்று தெரிந்துவிட்டது. மிச்சத்தை எப்படிப் படித்து முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

பூட்டு ரிப்பேர்காரர், "யாருங்க அந்தப் பொதுமக்கள்? நம்ம தெருவுல அப்படி யாரும் இல்லையே" என்றார். எதிர்வீட்டு ரிட்டயர்டு கிளார்க், "ஒருமனதான்னா குறைஞ்சது ஆயிரம் பேராவது எழுதியிருக்கணும்" என்றார். இருக்கும் இருக்கும் என்றேன். அதற்குள் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "அந்தப் பொதுமக்கள் மட்டும் என் வண்டியில ஏறட்டும், அப்புறம் இருக்கு" என்றான். நான் ஏறவில்லை. தையல்காரி யாரையும் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நான் எப்படிக்கா போறது?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

நேற்றிலிருந்து யார் கதவு தட்டினாலும் ஜன்னல் இடுக்கில் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன். இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுப்பது நான். என் 'ழ'வைத் தெரியாத ஆள் இல்லை. வியாழக்கிழமை அந்த அதிகாரி ஃபைலைத் திறந்து என் தாளை ஒரே ஒரு தடவை உயர்த்திப் பிடித்தால் போதும், 'ஏழாம்' என்கிற முதல் சொல்லிலேயே மாட்டிக்கொள்வேன். போதாக்குறைக்கு இன்று காலையில் தையல்காரியே மாடியேறி வந்து, ஆட்சேபணை எழுதித் தாருங்கள் என்று உட்கார்ந்துவிட்டாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்ல? இடது கையால் எழுதினேன். "என்னக்கா, கை இப்படிக் கோணுது?" என்றாள். வயசு என்றேன். அவள் என் தோளைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாளம்மா. அதற்குப் பதில் ஒரு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பஸ் நின்றுபோனால் அவள் எத்தனை நாள் தாங்குவாள் என்று கணக்குப் போடக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகையால் நீ ஒரு காரியம் செய். ஒரு ரப்பரை எடுத்து என் வரியை அழித்துவிடு. முழுசும் அழித்தால் மேலதிகாரி கேட்பார் என்றால், 'வராவிட்டாலும் ஒன்றுதான்' என்கிற பின்பாதியை மட்டும் அழி. 'ஏழாம் நம்பர் பேருந்து வந்தாலும் ஒன்றுதான்' என்று நிற்கும். வருவதே ஒரு பஸ்தான், கூட ஒன்று விடுங்கள் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளட்டும். உன்னை நான் சந்தேகப்படவில்லை. ஒருமனதாக என்று போட்டது உன் பக்கத்து மேசைக்காரனாகத்தான் இருக்கும். யோசித்துப் பார்த்தால் அவன் மேலும் தப்பில்லை. ஒரு மனசுதானே சொன்னது.

உன் பேனாவில் மை வற்றாமல், உன் மேலதிகாரிக்கு ரத்தக் கொதிப்பு ஏறாமல், நீ எழுதுகிறதெல்லாம் யாரோ ஒருத்தர் வீட்டுக்கு நல்லதாகவே போய்ச் சேர்ந்து, நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் பல்லாண்டு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உன் பாட்டி.
(பெயர் போடவில்லை. காரணம் உனக்குத் தெரியும்.)

பி.கு.: இன்று சனிக்கிழமை. தபால்பெட்டி பஸ் ஸ்டாப்பில் இருப்பதால், அந்தக் கண்டக்டருக்குப் பயந்து இத்தனை நாளும் இதைப் போடப் போகவில்லை. நல்லதாய்ப் போயிற்று. மேலே எழுதியதில் ஒன்றையும் செய்யாதே, ரப்பரைத் தொடாதே. வியாழக்கிழமை கூட்டத்தில் தையல்காரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, "எங்கக்கா படிப்பாங்க" என்று ஆட்சேபணையை என் கையில் கொடுத்தாள். இடது கையால் எழுதியதை எனக்கே படிக்க வரவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். கடைசியில், "அந்தப் பொதுமக்கள் நான்தாங்க" என்று சொல்லிவிட்டேன். அதிகாரி ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேண்டாம்னதும் நீங்க, வேணும்ங்கிறதும் நீங்களா? எதைம்மா எடுத்துக்கிறது?" என்றார். அது கோபத்தில் எழுதியது, இது பயத்தில் எழுதியது ஐயா, இரண்டும் என்னுடையதுதான் என்றேன். அவர் ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினார்: "இவ்வழித்தடம் குறித்துப் பொதுமக்களிடையே கடுமையான கருத்து வேறுபாடு நிலவுவதால், அது தீரும்வரை பேருந்து தொடர்ந்து இயங்கும்." நான் உயிரோடு இருக்கும்வரை அது தீராது, நான் பார்த்துக்கொள்கிறேன். தையல்காரி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவள் என் வாசலில் வந்து நின்று, "அக்கா, இனிமே கோவம் வந்தா கீழே வந்து என்னைத் திட்டுங்க. அரசாங்கத்துக்கு எழுதாதீங்க" என்றாள்.