விளக்கமாத்து மேனேஜர்

எங்கள் பஸ் கம்பெனி மேனேஜரைப் போல ஒரு மனிதர் அதற்கு முன்பு காரைக்குடிக்கு வந்ததில்லை. இனி வந்தால் ஊர் தாங்காது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைச் சொன்னால் ஷெட்டில் யாருக்கும் தெரியாது. ‘விளக்கமாத்து மேனேஜர்’ என்றால் குன்றக்குடி வரைக்கும் தெரியும்.

அறுபதுகளின் கடைசி. நான் அங்கே கிளார்க். திருநெல்வேலிப் பக்கமிருந்து மேனேஜர் வந்து சேர்ந்த முதல் நாளே, ஷெட்டுக்குப் பின்னால் இருந்த கக்கூஸை எட்டிப் பார்த்தார். மூச்சடக்கத் தெரிந்தவர்கள் மட்டும் போய்வருகிற இடம் அது.

“இதை யாரு கழுவுறது?”

ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டினோம். மனிதர் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். மூலையில் கிடந்த விளக்கமாற்றை எடுத்தார். ஹெட் மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனர் அவர் காலிலேயே விழுந்தது. வலியை மறந்து அவரும் எட்டிப் பார்த்தார்.

“சார், மேனேஜர் செய்யிற வேலையா இது?” என்று பதறினேன்.

“எங்க ஆண்டவரு சீஷங்க காலையே கழுவியிருக்காரு. நான் கக்கூஸைக் கழுவுனா கொறஞ்சா போயிருவேன்? தண்ணி ஊத்துங்க.”

ஊற்றினேன். மறுநாளிலிருந்து, அவர் வருவதற்குள் கழுவிவிட வேண்டுமே என்று ஷெட்டே அடித்துக்கொண்டது.

கோபம் வந்தால் எல்லோருக்கும் குரல் ஏறும். அவருக்கு இறங்கும். எங்களிடம் ‘இடி’ என்று ஒரு டிரைவர் இருந்தார். நாச்சியாபுரத்தில் அவர் பேசினால் காரைக்குடியில் காக்காய் பறக்கும். ஒரு நாள் வண்டியைத் தாமதமாக எடுத்ததற்கு மேனேஜர் அவரைக் கண்டித்தார். இடி கத்தக் கத்த மேனேஜரின் குரல் தேய்ந்துகொண்டே போனது. கடைசியில் இடி கையெடுத்துக் கும்பிட்டார்.

“அய்யா, வையிறதைக் கொஞ்சம் சத்தமா வைங்கய்யா. என்ன வையிறீகன்னே கேக்கல!”

அந்த இடிதான் ஒரு காலையில் மானகிரி தாண்டி பஸ்ஸை வாய்க்காலுக்குள் இறக்கினார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. முதலாளி காரில் ஷெட்டுக்கு வந்து இறங்கினார்.

“அந்த டிரைவரை இப்பவே வீட்டுக்கு அனுப்புங்க.”

மேனேஜர் எழுந்து நின்றார். “முதலாளி, பிள்ளைக்குக் காய்ச்சல், தூங்கல, லீவு வேணும்னு கேட்டாரு. நாந்தான் குடுக்கல. ஓட்டுனது அவரு, ஓட்ட வச்சது நான். என்னைய அனுப்புங்க.”

“என்ன பேசுறீக? அப்ப நீங்களே போங்க!”

மேனேஜர் சரியென்று தலையாட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.  இடி முன்னால் வந்தார். குரல் மேனேஜர் குரலைப் போல இறங்கியிருந்தது.

“முதலாளி, அவுக போனா நானும் போறேன். தூக்கத்துல ஓட்டுனது நாந்தேன்.”

 முதலாளி எங்களையும் காரில் ஏற்றிக்கொண்டு மேனேஜர் வீட்டுக்குப் போனார். அங்கே ஆளில்லை; சைக்கிள் மானகிரிப் பக்கம் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கார் மானகிரிக்குத் திரும்பியது.

வாய்க்காலில், இடுப்பளவு சேற்றில், மேனேஜர் பஸ்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பாதி ஊர்.

“சார், ஒங்களைத்தான் வேலையை விட்டுப் போகச் சொல்லிட்டாகளே!” என்று கத்தினேன்.

“வேலைதான போச்சு? வண்டி இங்கதான கெடக்கு!” என்றவர், கரையில் நின்ற வெள்ளை வேட்டியைப் பார்த்தார். “முதலாளி, சும்மா நிக்காதீங்க. வந்து இந்தக் கயித்தைப் பிடிங்க.”

 முதலாளியை ஏவிய மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. முதலாளி அவரையே பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். இறங்கினார்!

பஸ் மேலே ஏறியது. வேலையைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. மறுநாள் மேனேஜர் வழக்கம்போல வந்தார். இடிக்கு, கேட்காமலே லீவு கொடுத்தார்.

சில வருஷம் கழித்து மேனேஜர் ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பினார். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடும் பொறுப்பை இடி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இடி ஓட்டிய பஸ்ஸை மாட்டு வண்டிகளெல்லாம் முந்திக்கொண்டு போயின. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரயில் போயிருந்தது. இடியை ஒருவரும் திட்டவில்லை. மேனேஜர் எங்களோடு இன்னும் ஒரு நாள் இருந்தார்.