தானாக இழுத்துக்கொள்ளும் சோக்

தெருமுனையில், டீக்கடைக்கு நேர் எதிரே, நாலு பேர் பார்க்க வண்டி நின்றுபோனது. நின்றதுகூடப் பரவாயில்லை. நிற்பதற்கு முன்னால் ஒரு பாட்டம் கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்கள்.

இளவரசன் குனிந்து பார்த்தார். இடது கைப்பிடிக்குக் கீழே இருக்கும் சோக் முழுசாக இழுபட்டிருந்தது.

"நேத்து நான்தான உள்ள தள்ளுனேன், இன்னிக்கு இன்னும் தொடக்கூட இல்லியே," என்று வண்டியிடமே கேட்டார். வண்டி பதில் சொல்லவில்லை. இந்த மாதம் முழுக்க இதே கதைதான்.

குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்கு முதலில் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் வேண்டும். அதற்காகச் சோக்கை இழுத்துவிட்டு உதைக்க வேண்டும். சூடு ஏறியதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். மறந்தால் வண்டி பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும், புகை விடும், கடைசியில் மூச்சு முட்டி நின்றுபோகும். இளவரசன் மறக்கிற ஆள் இல்லை. சோக்கை வாசலில் இழுப்பார், உதைப்பார், கிளம்புவார், தெருமுனை திரும்பும்போது உள்ளே தள்ளுவார். கல்யாணத்துக்கு மாமனார் வாங்கித் தந்த நாளிலிருந்து அந்த வண்டியை அவர் இப்படித்தான் ஓட்டுகிறார். வேறு யாரையும் தொட விட்டதில்லை. ஒருமுறை மனைவி கண்ணகி, "எனக்கும் கத்துக் குடுங்களேன்," என்று கேட்டாள். "கியர் வண்டி பொம்பளைங்களுக்கு ஒத்து வராது," என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

வேறு சமயமாக இருந்தால் இந்தக் கரும்புகையை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையில் தங்கை ஆண்டாள் வீட்டில், அவளுடைய சின்ன மகளுக்குக் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். பெரிய மகளின் காதுகுத்துக்கு இளவரசன் போய்ச் சேருவதற்குள் முகூர்த்தம் தாண்டிவிட்டது. பெரியப்பா மகன் ராஜாங்கம், அவனும் மாமன் முறைதானே, காரில் முன்னாடியே வந்தவன் மடியைக் கொடுத்துவிட்டான். அந்தப் போட்டோ தங்கை வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் இளவரசன் அதற்கு முதுகைக் காட்டி உட்காருவார்.

போனில் ஆண்டாள் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். "அண்ணா, ஒம்போது மணிக்குள்ள நீ வரலன்னா ராஜாங்கத்த உக்காரச் சொல்லிடுவாரு எங்க வூட்டுக்காரரு. அப்புறம் என்னிய கேக்காத."

"வண்டி இருக்குது, வந்துடுவேன்."

"அதாண்ணா எனக்கு பயமா இருக்குது. பஸ்ஸுல வாயேன்."

ராஜாங்கம் காரில் வந்து இறங்க, தாய்மாமன் சீர்த்தட்டோடு பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருவதா? இளவரசன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கச்சிராயபாளையம் ரோட்டில் இருக்கும் அஜித்தின் பட்டறைக்குப் போனார்.

அஜித் சோக்கை இரண்டு முறை இழுத்துத் தள்ளிப் பார்த்தான். எஞ்சினைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான்.

"இன்னாண்ணா இந்தச் சூடு? எங்கிருந்து ஓட்டிக்கினு வந்தீங்க?"

"தெருமுனை வரைக்கும்தான். அதுக்கே இந்தச் சூடு."

"அப்ப சந்தேகமே இல்ல. கேபிள் தளந்து போச்சு. நிக்கிற எடத்துல தானா இழுத்துக்குது."

புது கேபிள் போட்டு, எண்ணெய் விட்டுக் கொடுத்தான். சோக் இப்போது விரல் பட்டாலே வழுக்கிக்கொண்டு வந்தது. இளவரசன் திருப்தியோடு வீட்டுக்கு வந்து, வண்டியை நிறுத்தி, சோக்கை உள்ளே தள்ளி, அதை ஒரு தரம் தடவியும் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலை வயலுக்கு த்ரீ பேஸ் கரண்ட் வருகிற நேரம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டப் போனார். மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் விழாது. வெயில் வந்த பிறகு திரும்பிவந்தவர் நேராக வண்டியிடம் போனார்.

சோக் முழுசாக இழுபட்டிருந்தது.

கண்ணகி அதற்குள் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். பால் சொசைட்டியை இந்த மாதம் ஊருக்கு வெளியே மெயின் ரோட்டுக்கு மாற்றிவிட்டார்கள். தூரம் ஜாஸ்தி. இருந்தாலும் அவள் முன்னைவிடச் சீக்கிரமாக வந்துவிடுகிறாள். நடந்தால் உடம்புக்கு நல்லது என்று அவர் சொன்னது வேலை செய்திருக்கிறது.

"கண்ணகி, வண்டிகிட்ட யார்னா வந்தாங்களா?"

"யாரு வருவா? ஏன் கேக்கிறீங்க?"

"சோக் மறுபடியும் தானா இழுத்துகினுச்சு."

கண்ணகி இட்லித் தட்டைப் பார்த்தபடியே, "இழுத்துகினா இன்னா?" என்றாள்.

"அதெல்லாம் உனக்குச் சொன்னா புரியாது," என்றார் இளவரசன். சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அன்றைக்கு அஜித் பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டிச் சோக்குக்குப் போட்டு இறுக்கினான். "இனிமே எப்படி வருதுன்னு பாக்கலாம்," என்றான். அடுத்த நாள் காலை சோக் வெளியே வந்திருந்தது, ரப்பர் வளையத்தைக் காணோம். இளவரசன் வண்டிக்கடியில் படுத்துத் தேடினார். கோழிக்கூண்டைத் தூக்கிப் பார்த்தார். எலி கொண்டுபோயிருக்கும் என்று முடிவுகட்டிக் காப்பி குடிக்க உள்ளே போனார்.

பால் கேன் மூடிக்குக் கண்ணகி கறுப்பாக ஒரு ரப்பர் போட்டிருந்தாள்.

"இது நல்லா இருக்குதே."

"ஆமாங்க. மூடி ஆடாம நிக்குது."

கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டு காப்பியைக் குடித்தார்.

அதற்குள் பெட்ரோலும் பாதியாகிவிட்டிருந்தது. பக்கத்து வீட்டு ரங்கம்மாள் வந்து பார்த்துவிட்டு, கண்ணேறு என்று சொல்லி முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினாள். ராஜாங்கத்தின் கண்ணாகத்தான் இருக்கும் என்று இளவரசனுக்கும் தோன்றியது. ஆனால் அவர் சாமியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. கட்டுக்கம்பியை எடுத்தார். சோக்கை உள்ளே தள்ளி, அது அசையாதபடி கைப்பிடியோடு சேர்த்துச் சுற்றி, குறடால் முறுக்கோ முறுக்கு என்று முறுக்கினார்.

"எங்க, இப்ப இழுத்துக்கோ பாக்கலாம்," என்றார்.

சனிக்கிழமை காலை வயலில் இருந்து வந்தபோது சோக் போட்டது போட்டபடி இருந்தது. ஆனால் வீட்டில் பாலும் கறந்தது கறந்தபடி இருந்தது. கண்ணகி வலது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பால் ஊத்தலயா?"

"போறதுக்குள்ள பால் வண்டி போய்ட்ச்சு."

"தெனம் போற நேரந்தான?"

"கால் வலி."

"கால்ல இன்னா?"

அவள் வண்டியை ஒரு பார்வை பார்த்தாள். "மாடு உதைச்சிருச்சு. அந்தக் கம்பி எதுக்குங்க அதுல? அசிங்கமா இருக்குது, எடுத்துடுங்க."

"உனக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்? நாளைக்குக் கொழந்தைய என் மடியில வெக்கப் போறது அந்தக் கம்பிதான்."

கேன் பால் முழுவதும் அன்று பால்கோவாவாகி, சீர்த்தட்டில் ஒரு தூக்கு கூடியது.

ஞாயிறு விடியலில் கொஞ்சம் பனி. இளவரசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்தார், உதைத்தார், உதைத்துக்கொண்டே இருந்தார். சோக் இல்லாமல் குளிர்ந்த எஞ்சின் அசைந்து கொடுக்கவில்லை. கம்பியைப் பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் கண்ணகி பட்டுப்புடவையோடு பின்னால் இருந்து தள்ள, தெருமுனை டீக்கடைக்காரரும் ஒரு கை கொடுக்க, வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. பின்னால் வாழைத்தார் கட்டியிருக்க, தோளில் பையோடு ஓடி ஏறிய கண்ணகி சீர்த்தட்டை மடியில் வாங்கிக்கொண்டாள்.

மலைப்பாதையில் பாதி தூரம் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு வளைவில் வாழைத்தார் சரிந்தது. இளவரசன் வண்டியை ஓரம் கட்டினார். பெட்ரோல் கம்மியாக இருக்கிறதே என்று எஞ்சினையும் அணைத்தார்.

"ஏன் அணைக்கிறீங்க?" என்றாள் கண்ணகி பதறிப்போய்.

"நீ தாரப் புடி."

தாரை அவிழ்த்து, கயிறு போதாமல் அவருடைய துண்டையும் சேர்த்துக் கட்டி முடிப்பதற்குள் மலைப்பனி எஞ்சினுக்குள் இறங்கிவிட்டது. உதைத்தார். ஒன்றும் இல்லை. மேட்டில் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. இறக்கத்தில் உருட்டினால் முடியும். இறக்கம் வந்த வழியில்தான் இருந்தது. வண்டியைத் திருப்பிக் கீழ்ப்பக்கமாக உருட்டினார். ஒரு வளைவு இறங்கியாயிற்று, கிளம்பவில்லை. இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும் என்று அடுத்த வளைவும் இறங்கினார். கிளம்பவில்லை. குழந்தையின் காது மேலே இருந்தது, தாய்மாமன் தொடர்ந்து கீழே போய்க்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு கார் வந்து பக்கத்தில் மெதுவானது. ராஜாங்கம் கண்ணாடியை இறக்கினான்.

"இன்னாண்ணா, காதுகுத்து மேலதான?"

"வண்டி சூடாயிடுச்சு, ஆற வுட்றேன். நீ போ."

"கார்ல எடம் இருக்குது, ஏறுங்கண்ணா."

"நீ போடா, நான் உனக்கு முன்னாடி வந்துடுவேன்."

ராஜாங்கம் போய்விட்டான். மேலே இருந்து இறங்கி வந்த கண்ணகி, ஒரு கையில் தட்டும் ஒரு கையில் புடவைக் கொசுவமுமாக மூச்சு வாங்கினாள். "அதுல ஏறியிருக்கலாம் இல்ல?"

இளவரசன் அவளைப் பார்க்கவில்லை. அந்தக் கூடத்துப் போட்டோவுக்குப் பக்கத்தில் இன்னொரு போட்டோ மாட்டியிருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. "ஆண்டாளுக்கு ஒரு போன் போட்டுட்டு வரேன்," என்று டவர் தேடிக்கொண்டு வளைவுக்கு அந்தப்பக்கம் நடந்தார். போனை உயரத் தூக்கிப் பிடித்தபடி பாறைமேல் ஏறினார்.

பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. அவருடைய வண்டியின் சத்தம்.

ஓடி வந்தார். வண்டி ஸ்டாண்டு போட்டபடி அழகாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணகி பக்கத்தில் நின்று கொண்டை ஊசியைத் தலையில் செருகிக்கொண்டிருந்தாள். கட்டுக்கம்பி ரோட்டில் சுருண்டு கிடந்தது.

"எப்படி?"

"கம்பி தானா வுழுந்துச்சுங்க. சும்மா ஒரு உதை வுட்டுப் பாத்தேன்."

இளவரசன் கம்பியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு தெளிந்தார். "நான் அத்தினி உதை உதைச்சு வெச்சிருந்தேன் பாரு. கடைசி உதை உனக்கு மாட்டிகினுச்சு. ஏறு, ஏறு."

வண்டி மேடு ஏறியது. அடுத்த வளைவு திரும்பும்போது அவர் கை பழக்கத்தில் இடது பக்கம் போய்ச் சோக்கைத் தள்ளியது.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த கண்ணகி, "இப்ப இன்னா பண்ணீங்க?" என்றாள்.

"சோக்க உள்ள தள்ளுனேன். வண்டி சூடானதும் தள்ளிடணும். இல்லாங்காட்டி பெட்ரோல ஊத்திகினே இருக்கும், புகை அடிச்சு நின்னுடும்."

"இத்தினி நாளும் நீங்க தள்ளுவீங்களா?"

"தெருமுனையில. வாசல்ல இருந்து பாத்தா உனக்கு எங்க தெரியப்போவுது?"

வெள்ளிமலை வரும்வரை கண்ணகி அந்தச் சோக்கையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பந்தலுக்குள் நுழைந்தபோது ராஜாங்கம் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்துக்கொண்டிருந்தான். இளவரசன் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அவன் தோளைத் தட்டினார். "எழுந்திரு."

ஆண்டாள் குழந்தையைக் கொண்டுவந்து அண்ணன் மடியில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. வடக்கனந்தலில் இருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த தங்கமணி ஆசாரி கம்பியை எடுத்தார். குழந்தை வீறிட்டு அழுதது. அதைவிடக் கொஞ்சம் குறைவாக இளவரசனும் அழுதார். போட்டோக்காரர் இரண்டையும் எடுத்தார்.

பந்தியில் உட்கார்ந்ததும் அவருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. பக்கத்து இலையில் ராஜாங்கம்.

"அந்த வண்டிய வித்துத் தள்ளிடுங்கண்ணா. உங்க உசுர வாங்குது."

"உனக்குத் தெரியாது ராஜாங்கம். மெக்கானிக்காலயே முடியல, நான் கம்பி கட்டி வழிக்குக் கொண்டாந்தேன். நம்ப கையத் தவிர அது வேற எந்தக் கைக்கும் அடங்காது."

கண்ணகி அவருடைய இலையில் பால்கோவா வைத்துவிட்டு வேகமாக நகரப் பார்த்தாள். எதிர்ப் பந்தியில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த தங்கமணி ஆசாரி அவளை நிறுத்தினார். அவர் வீட்டிலும் ஒரு கறவை மாடு உண்டு, பால் ஊற்றுவது அதே மெயின் ரோட்டுச் சொசைட்டியில்தான்.

"ஏம்மா கண்ணகி, தெனம் காலையில கேனை முன்னாடி வெச்சிகினு சொசைட்டிக்கு ஓட்டிக்கினு வருவியே, அது இந்த வண்டி இல்லியா?"